சின்னச்சாமி அண்ணனும் எங்கள் இஞ்சினும்

சின்னச்சாமி அண்ணன் போய்விட்டார் என்ற சேதி வந்தபோது நான் ஷெட்டில் ஒரு காரின் அடியில் படுத்திருந்தேன். அண்ணன் ஊரான துடியலூரிலிருந்து சைக்கிளில் வந்தவர் என் காலைப் பார்த்துத்தான் சேதி சொன்னார். வெளியே வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சீமையிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் சாமான்களைக் காராகப் பூட்டுவது என் வேலை. விற்பது அவர் வேலை. அவரிடம் கார் வாங்கிய உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கார் விற்கப் போகும் வீட்டில் விலையே பேசமாட்டார். பெண்களை ஏற்றிக்கொண்டு பேரூர்க் கோயிலுக்கு ஒரு நடை போய்வருவார். "ஊட்டு அம்மணிங்க ஒருக்கா ஏறி உக்காந்துட்டாங்கன்னா, அப்புறம் காரு நம்ம ஷெட்டுக்குத் திரும்பி வராதுங்க" என்பார். வந்ததும் இல்லை.

அவர்தான் ஒருநாள், "ஏனுங்க பழனி, எத்தனை நாளைக்கு ஊரான் பெத்த புள்ளைக்கே பேர் வெச்சுட்டிருக்கறது? நாமளே ஒரு இஞ்சின் வார்த்துப்போடலாமுங்க" என்றார். அந்தச் சொல்லை நம்பி வார்ப்புப் பட்டறையே கதியென்று கிடந்தேன். அச்சு மணலில் என் கட்டைவிரலை அழுத்தி அடையாளம் வைத்தேன். இஞ்சின் ஓடிய அன்று அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அது நடிப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

அதைக் காரில் பூட்டி, ஊர்ப் பெரியமனிதர்களுக்கு ஓட்டிக்காட்ட நாள் குறித்தோம். வருகிறவர்கள் உட்கார ஜமக்காளம் வேண்டும் என்று முந்தின நாள் என்னைப் பவானிக்கு அனுப்பினார். மறுநாள் அவரே காரைக் கிளப்பினார். அது எங்கள் இஞ்சின் சத்தம் இல்லை, சீமை இஞ்சின். எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணனைத் தனியே இழுத்துப்போய்க் கேட்டேன்.

"நேத்து ஓட்டிப் பாத்தனுங்க, வெடிச்சுப்போச்சு. உருக்கறதுக்குக் குடுத்துப்போட்டேன். மனசு உட்டுறாதீங்க" என்றார்.

அந்தக் கூட்டத்தில் சீமைக் கார் இறக்கும் மதராஸ் கம்பெனிக்காரர் ஒருவர் இருந்தார். கொஞ்ச நாளில் அவர்கள் காரை விற்கும் ஏஜென்சி அண்ணனுக்குக் கிடைத்தது. நான் அதையும் இதையும் முடிச்சுப்போடவில்லை. என் வார்ப்பில்தான் கோளாறு என்று நம்பி, அதோடு பட்டறைப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

அண்ணனை எரித்துவிட்டுக் குளிக்க, அவர் தோட்டத்துக் கிணற்றடிக்குப் போனோம். தண்ணீர் இறைக்கப் பண்ணையாள் இஞ்சினைக் கிளப்பினார். சத்தம் கேட்டதும் ஈரத்துணியோடு கொட்டகைக்குள் ஓடினேன். அடிப்பக்கம் தடவினேன். என் கட்டைவிரல் மேடு கையில் பட்டது.

"ஒரு நாளும் மக்கர் பண்ணுனதில்லைங்க" என்றார் பண்ணையாள். "இத்தனை வருசமா பெரியவரு யாரையும் தொட உடமாட்டாரு. இன்னிக்குத்தான் நான் கிளப்பறேன்."

சொந்த இஞ்சின் வார்க்கிறவருக்கு அந்தக் கம்பெனி ஏஜென்சி தராதுதான்; வேண்டுமென்றால் வாங்கிக்கொண்டிருக்கலாம் அண்ணா. சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டிருப்பேன். ஓடுகிற இஞ்சினை வெடித்தது என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது? செத்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பீர்கள், அவரிடம் கார் வாங்கிய நீங்கள். எனக்கு ஆறவில்லை, சொல்கிறேன்.

காரியம் முடிந்த அன்று, அவர் நினைவாக என்ன வேண்டும் என்று அண்ணி கேட்டார். இஞ்சினைச் சொன்னேன். "அதைக் கழட்டிட்டா வாழை காஞ்சுபோகுமுங்க தம்பி" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. விட்டுவிட்டு வந்தேன்.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சத்தம்தான். அவர் தினமும் காலையில் அதைக் கேட்டார். அவரை எரித்த பிறகுதான் எனக்குக் கேட்கக் கிடைத்தது.