காசிக்குப் போகும் வேனில் எனக்கு ஒரு சீட்டு

ஏரி வாய்க்காலில் நூறு நாள் வேலை செய்யும் நாங்கள் எட்டுப் பேர், தை அறுப்பு முடிந்ததும் வேன் பிடித்துக் காசிக்குப் போவது என்று பேசி முடித்தோம். எங்களில் ஒருத்தியின் மருமகன் வேன் ஓட்டுகிறான். எங்கள் ஊர் எல்லையோரம், பக்கத்துச் சோரியாங்குப்பம் தாண்டினாலே வேறு மாநிலம், வண்டிக்குப் பர்மிட் வேண்டும். டீசலும் பர்மிட்டும் கொடுத்தால் போதும் என்றான். சத்திரத்தில் படுத்துக்கொள்வது, சோறு நாமே ஆக்கிக்கொள்வது.

நாமே என்றால் யார் என்று எனக்குத் தெரியும்.

இதே கூட்டத்தோடு முன்பு ராமேஸ்வரம் போனேன். வேன் நின்றதும் எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். நான் வேன் நிழலில் அடுப்பை வைத்து அரிசி களைந்தேன். சாப்பிட்டார்கள். பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் டிரைவர் ஆரன் அடித்தான். நான் பார்த்த ராமேஸ்வரம் ஒரு மைதானமும் ஒரு குழாயடியும்தான். ஊரில் பக்கத்து வீட்டுக்காரி, "எல்லாத் தீர்த்தமும் ஆடினியா யக்கா?" என்றாள். ஆமாம் என்று பொய் சொன்னேன். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

காசி அப்படி இல்லை. என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவர் பேரைச் சொல்லிக் கங்கையில் ஒரு முழுக்குப் போட வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது வேன்காரனின் மாமியார் சொன்னாள். "யக்கா, உனுக்கு சீட்டுத் துட்டு வாணாம். பின்னாடி காஸ் அடுப்பாண்ட ஒரு முக்காலி போட்டுடறோம், சும்மா வா."

"அது பாட்டுக்கு வாயத் தொறக்காம குந்திக்கினு வரும்" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டே பழகிவிட்டார்கள். அன்றைக்குக் கஞ்சியைக் கீழே வைத்தேன். வாயைத் திறந்து சொன்னேன்.

"காசியில நான் அடுப்பு பத்த வெக்க மாட்டன். நான் முழுவணும்."

"இன்னா யக்கா, கோவமா?" என்றாள் வேன்காரனின் மாமியார்.

"கோவந்தான். வேனுக்குக் காவல் குந்தறதுக்கு அம்மாந்தூரம் எதுக்கு வரணும்?"

"அப்ப சோறு?"

"உனுக்குக் கையி இல்லியா?"

யாரும் சிரிக்கவில்லை. வேன்காரனின் மாமியார் கஞ்சித் தூக்கை மூடினாள். "முன்னாடியே சொல்லியிருந்தா வேற ஆள் பாத்திருப்பன்" என்றாள்.

ஆள். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று மண் அள்ளினவளுக்கு நான் ஒரு சமையல் ஆள். அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது.

நான் அஞ்சாவது வரை படித்தவள். அன்று சாயங்காலமே பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எந்த நாள் யார் சமைப்பது என்று எழுதினேன். ஒரு நாளைக்கு இரண்டு பேர். எனக்கும் என் பங்கு நாளைப் போட்டுக்கொண்டேன். காசியில் இரண்டு நாள் தங்குகிறோம். முதல் நாளுக்கு வேன்காரனின் மாமியார் பேரையும், நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னவள் பேரையும் எழுதினேன்.

காலையில் தாளை வேன்காரனின் மாமியார் கையில் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"காசியில என்னியா போட்ட?"

"மறுநாளு நீ போய் முழுவு. கங்கை எங்கியும் ஓடிடாது."

அவள் தாளை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். சரி என்று அவள் சொல்லும் வரை நான் விடுவதாக இல்லை. அவளுக்குப் பக்கத்திலேயே கூடையோடு போய் நின்றேன்.