கங்காணிக்கு ஒரு மூக்கு

தாணம்மாளின் நாடியை இரண்டு விரலால் பிடித்து முகத்தை வெயில் பக்கம் திருப்புகிறாள் அஸ்வதி. "அனங்காதீங்கோ, அக்கா. உங்க பூட்டிக்கு நெத்தி வரைச்சிட்டு இருக்கேன்."

குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்கள் தொடங்கும் சந்தியில், பஸ் நிறுத்தத்தை ஒட்டி நீளமாக ஒரு சுவர். வெள்ளைக்காரத் துரை காலத்தில் இந்த மலையின் காட்டை வெட்டி ரப்பர் நட்டவர்களை அதில் வரைகிறாள். துரைக்குப் போட்டோ இருக்கிறது. அவர் நாய்க்கும் இருக்கிறது. காடு வெட்டியவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. அதனால் அவர்கள் வழிவந்தவர்களை அழைத்து ஸ்டூலில் உட்காரவைத்து, ஒருவரிடம் நெற்றி, ஒருவரிடம் காது என்று வாங்கிக்கொள்கிறாள்.

சிரட்டைக் கரியால் கோடு போடுவாள். பிசகினால், ரப்பர் மரத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலைப் பிய்த்து உருட்டி அழிப்பாள். மனிதர்களுக்கு முன்பே மரங்களை வரைந்து முடித்துவிட்டாள். வேங்கை, ஈட்டி, நாங்கு எல்லாம் நிற்கின்றன. வேங்கையின் அடியில் உதிர்ந்து கிடக்கும் மஞ்சள் பூவைப் பார்த்து, வேடிக்கை பார்க்க வந்த நான் காலைத் தள்ளி வைத்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

உட்கார வருகிறவர்களின் ஆசைக்கு அளவில்லை. "ஒரு மாலையாவது போட்டு விடேன், மக்கா," என்கிறாள் தாணம்மாள்.

"அவிய காலுல அட்டைதான் கெடந்துது, அக்கா. வேணும்னா அதை அழகா வரைச்சுத் தாறேன்."

தருகிறாள். ரத்தம் குடித்துக் கொழுத்த அட்டை. தாணம்மாள் பஸ்ஸுக்கு நிற்பவர்களைக் கூப்பிட்டு அதைத்தான் காட்டுகிறாள்.

சுவரின் நடுவில் ஓர் உருவத்துக்கு மட்டும் முகம் இல்லை. தலையில் முண்டாசு, ஓங்கிய கையில் பிரம்பு. கூலிகளை அடித்து வேலை வாங்கிய கங்காணி. ஸ்டூலில் உட்கார வேண்டியவர் எதிர்க்கடையில் சாயா குடித்துக்கொண்டிருக்கிறார். அஸ்வதியின் அப்பா பத்மகுமார். கங்காணி அவருடைய தாத்தா. 'இவளுக்குக் கங்காணியாருக்க மூக்காக்கும்' என்று மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூடப் பெருமையடித்த மனிதர்.

"அவரைச் சந்தியில நிறுத்தினா நீ வீட்டுல கேறண்டாம்," என்று காலையிலேயே சொல்லிவிட்டார். "உனக்கு வேற மூஞ்சியா கெடைக்கல்ல?"

"வேற ஆளுக்க தாத்தா கையில இந்தப் பிரம்பைக் குடுக்கச் சொல்லுதியளா, அப்பா?"

எனக்கு இந்தப் பெண்ணிடம் கொஞ்சம் பயமும் நிறைய மரியாதையும் வந்துவிட்டது. அடுத்த வீட்டுப் பாவத்தை வரைய ஆள் நிறைய உண்டு.

தாணம்மாள் எழுந்து போகிறாள். சாயாக்கடையிலிருந்து பத்மகுமார் இங்கேயே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய பைக் சுவரோரம் நிற்கிறது. அஸ்வதி ஸ்டூலை அதன் பக்கத்தில் இழுத்துப் போடுகிறாள். பைக் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்புகிறாள். உட்கார்ந்து, தன் நாடியை இரண்டு விரலால் பிடித்து வெயில் பக்கம் திருப்புகிறாள்.