சந்துக்குள் தட்டிய கை

பேய் என்றால் நானும் சிரிக்கிற ஆள்தான். ஆனால் இது என் அண்ணிக்கு நடந்தது. அண்ணி வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்தான் சொன்னார். அதையும் வாயைத் திறக்காமலே சொன்னார். அந்தப் பொய்யை அவரே உடைத்த விதத்தைப் பார்த்த பிறகு, இதை நம்பாமல் இருக்க எனக்கு வழி தெரியவில்லை.

அண்ணிக்கு ஐஸ் தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலை. கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் அவர் 'விசில் மேடம்'. ஐஸ் உறைவதற்காக அங்கே குழாய்களில் அம்மோனியா ஓடுகிறது. அது கசிந்தால் சுற்றியுள்ள வீடுகளுக்கு ஆபத்து. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடக்கும். சைரன் அடித்ததும் அண்ணி கையில் ஒரு மைக்கோடு ஸ்கூட்டரில் தெருத்தெருவாகப் போவார். “ஈரத் துணியால மூக்கை மூடுங்க! காத்துக்குக் குறுக்க நடங்க! மைதானத்துக்கு வாங்க!” தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டிய முட்டுச்சந்துதான் கடைசி. மொத்தம் பதினோரு வீடுகள்.

போன வருஷம் ஒரு மத்தியானம் ஒத்திகை நிஜமாகிவிட்டது. குழாய் இணைப்பு ஒன்று விட்டுப்போனது. அண்ணி மற்றத் தெருக்களையெல்லாம் முடித்துக்கொண்டு சந்து முனைக்கு வந்தார். உள்ளே வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்துகொண்டிருந்தது. திடீரென்று காற்று இவர் பக்கம் திரும்பியது. கண்ணில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிச்சல். தொண்டை அடைத்தது. முகமூடியோ, அவசரத்தில் அலுவலக அலமாரியிலேயே தங்கிவிட்டது.

'இந்நேரம் எல்லாரும் கிளம்பியிருப்பாங்க' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஸ்கூட்டரைத் திருப்பிவிட்டார்.

மைதானத்தில் நின்று சந்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஈரத் துணியும் கையுமாகச் சந்துக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். அண்ணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முதல் வீட்டு இஸ்திரிக்கார அம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க மட்டும் வந்து வீடு வீடா கதவைத் தட்டலைன்னா நாங்க அங்கேயே போய்ச் சேர்ந்திருப்போம், மேடம்!”

'நான் வரவில்லை' என்று சொல்ல அண்ணி வாயெடுத்தார். இருமல் வந்தது. இருமல் நின்ற பிறகும் சொல்லவில்லை.

சந்தில் ஒரே ஓர் உயிர் போயிருந்தது. பதினோராவது வீட்டுப் பெண். வாடகைக் கார் கம்பெனியில் ராத்திரி முழுக்கப் போன் எடுக்கும் வேலை. பகலில் தூங்குவாள். அன்றைக்கும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தொழிற்சாலை அண்ணிக்கு ஒரு கேடயம் கொடுத்தது. அண்ணன் அதை டிவிக்கு மேலே வைத்தார். அன்றிலிருந்து அண்ணி டிவிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். சீரியல் பைத்தியம் தெளிந்துவிட்டது என்று அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். மனுஷனுக்கு வேறு என்ன தெரியும்?

அப்புறம் வந்த ஒத்திகை. மூன்று மணிக்கு, நல்ல வெயிலில் சைரன் அடித்தது. இந்தத் தடவை அண்ணி மற்றத் தெருக்களை உதவியாளரிடம் விட்டுவிட்டு நேராகச் சந்துக்குப் போனார். ஸ்கூட்டரை முனையில் நிறுத்திவிட்டு உள்ளே நடந்தார். முதல் வீடு. தட்டினார். இஸ்திரிக்கார அம்மா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். இரண்டு, மூன்று, நான்கு... எல்லாம் சரியாகத்தான் போனது.

ஐந்தாவது வீட்டுக்காரர் ஏற்கெனவே வெளியே நின்று கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“இப்பத்தானே தட்டிட்டுப் போனீங்க? மறுபடியும் எதுக்கு, மேடம்?”

அண்ணி தலையாட்டிவிட்டு நகர்ந்தார். ஆறாவது வீட்டிலும் ஆள் கிளம்பியாகிவிட்டது. ஏழாவது வீட்டிலும் அப்படித்தான்.

எட்டு, ஒன்பது, பத்து... மூன்றும் பூட்டிக் கிடந்தன.

சைரன் நின்றது.

சந்தில் இப்போது அண்ணி மட்டும்தான்.

அப்போது அந்த வாடை வந்தது. ஒத்திகைக்கு யாரும் அம்மோனியாவைத் திறந்துவிட மாட்டார்கள். ஆனால் மூக்கைத் துளைத்தது. கண்ணில் நீர் கட்டியது.

டக்... டக்... டக்...

பதினோராவது வீடு. அந்தப் பெண் போனதிலிருந்து காலி. வெளியே துருப்பிடித்த பூட்டு.

டக்... டக்... டக்...

உள்ளேயிருந்து.

“உள்ள யாராவது இருக்கீங்களா?”

அண்ணி வாயைத் திறக்கவே இல்லை.

அது... அவருடைய குரல்.

“நான்... நான் வரலை,” என்றார் அண்ணி. “அன்னைக்கு நான் சந்துக்குள்ள வரவே இல்லை. முனையிலேயே திரும்பிட்டேன். என்னை மன்னிச்சிடு...”

தட்டல் நின்றது.

கையில் இருந்த மைக்... அணைத்து வைத்திருந்த மைக்...

கர்ர்ர்...

“நீங்க போங்க, மேடம். மத்த வீட்டை நான் பாத்துக்கிறேன்.”

மைதானத்துக்கு எப்படி ஓடிவந்தார் என்று அண்ணிக்கு இன்றுவரை தெரியாது. வந்ததும் இஸ்திரிக்கார அம்மாவின் கையைப் பிடித்து, எல்லார் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைத்தார். அந்த அம்மா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

“அப்ப யாரு வந்தது? குரல் உங்க குரல்தான். புகையில முகம் தெரியலை.” கொஞ்சம் யோசித்தார். “ஆனா ஒண்ணு, மேடம். முனையில இருக்கிறது என் வீடு. வெளியிலேர்ந்து வர்றவங்க முதல்ல என் கதவைத்தானே தட்டணும்? அன்னைக்குத் தட்டுற சத்தம் சந்தோட உள்கோடியிலேர்ந்து ஒவ்வொரு வீடா வந்துச்சு. என் கதவைத்தான் கடைசியா தட்டுச்சு.”

பக்கத்தில் நின்ற பத்தாவது வீட்டுக்காரரின் முகம் வெளுத்துவிட்டது.

“கடைசி வீட்டுப் பொண்ணு... ஒவ்வொரு ஒத்திகை முடிஞ்சதும் மேடம் மாதிரியே பேசிக்காட்டும். நாங்க எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிப்போம்...”

மறுநாளே அண்ணி கேடயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். வேலை தப்பியது, பதவி போனது. இஸ்திரிக்கார அம்மா இன்றுவரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போது சைரனுக்குத் தனியாக ஓர் ஒலிபெருக்கியைச் சந்துக்குள்ளேயே மாட்டியிருக்கிறார்கள். முகமூடி ஸ்கூட்டரிலேயே இருக்கிறது. எல்லாம் அண்ணி சண்டை போட்டு வாங்கியவை. ஆனால் அவர் தூக்கம் மட்டும் திரும்பவில்லை.

மனசு கேட்காமல், அன்றைக்கு அந்தக் கதவை உடைத்த தீயணைப்பு வீரரைத் தேடிப் போனார். துணைக்கு நானும் போனேன். அவர் சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டேன்.

“கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்துச்சும்மா. ஜன்னல் எல்லாம் கம்பி. அந்தப் பொண்ணு போர்வையைக்கூட விலக்கலை. புகை முதல்ல அந்த வீட்டுக்குத்தான் போயிருக்கு, தூக்கத்துலயே முடிஞ்சிருக்கும்னு டாக்டரும் சொன்னாரு...”

தன் வலது கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

“ஒண்ணு மட்டும் அவருக்கும் புரியலை, எனக்கும் புரியலை. வலது கை விரல் முட்டி எல்லாம்... தோல் உரிஞ்சு, ரத்தமா இருந்துச்சு.”