எலும்புக்கூட்டுச் சீட்டு

என் மேசைமேல் ஒரு சீட்டு கிடக்கிறது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். அதில் ஒரு எலும்புக்கூடு கையில் வில்லோடு நிற்கிறது. பல்வலிக்காரர்கள் கட்டிக்கொள்வதைப் போலத் தலையைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி. மேல் விளிம்பில் ஊக்கு நுழைந்த ஓட்டை. இதைக் குப்பையில் போட்டுவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன். எடுத்துப் போடத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதன்பிறகு வருடத்துக்கு ஒரு முறை இத்தாலிக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். இப்போது குறி சொல்லப் பயன்படும் டாரட் சீட்டு பிறந்த கதையையும் அந்தக் காலத்து மறுமலர்ச்சி ஓவியங்களையும் சேர்த்துக் காட்டும் சுற்றுலா. வருகிறவர்கள் எல்லாம் நம் ஆவடி, பூந்தமல்லி ஜனங்கள்தான். சும்மா விட்டால் ஓவியத்துக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டு டீக்கடை தேடப் போய்விடுவார்கள். அதனால் நானே ஒரு வழக்கம் வைத்தேன். காலையில் பஸ் கிளம்பியதும், கடையில் விற்கும் நகல் சீட்டுக்கட்டிலிருந்து ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அதிலிருக்கும் உருவத்தை அன்றைக்குப் பார்க்கும் ஓவியங்களில் தேட வேண்டும். சாயங்காலம் சீட்டைத் திருப்பித் தந்துவிட வேண்டும். எடுத்தது எடுத்ததுதான், மாற்றக் கூடாது என்பது என் சட்டம். டீச்சர் புத்தி எங்கே போகும்!

ஒரு வருடம் வந்தவர்களில் ஆவடி பக்கத்துச் சேக்காட்டு அக்காவும் அவர் கணவரும் இருந்தார்கள். அவர் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தவர். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அக்கா பட்டுப்புடவைமேல் பழுப்பு நிற ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, அவர் மாத்திரை டப்பாவை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார். நான் அந்த அக்காவிடம் அடிக்கடி வாயைக் கொடுப்பேன். சிரித்தால் பஸ்ஸே சேர்ந்து சிரிக்கும், அப்படி ஒரு சிரிப்பு அவருக்கு.

மிலானுக்கு வடகிழக்கே, மலைமேல் இருக்கும் ஒரு பழைய ஊருக்குப் போன காலையில், ஃபோர்மேன் அண்ணன் கையில் இந்த எலும்புக்கூடு வந்தது. அக்கா கையில் வந்தது சூரியன். அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னா டீச்சரம்மா இது, காலங்காத்தால? வேற ஒண்ணு எடுக்கச் சொல்லும்மா. குமணன்சாவடில கிளி ஜோசியக்காரர்கூட கெட்ட சீட்டு வந்தா இன்னொரு தபா எடுக்க உடுவாரு."

"அக்கா, இது ஜோசியம் இல்லை. பிரபுக்கள் விளையாடின வெறும் சீட்டாட்டம். குறி சொல்றதெல்லாம் முன்னூறு வருஷம் கழிச்சு வேற யாரோ கட்டிவிட்ட கதை" என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு முழங்கினேன். அண்ணனும், "நீ ஒருத்தி, சும்மா இருடி" என்று சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பின் சீட்டிலிருந்த பூந்தமல்லி பாய் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டார்.

மேல் ஊருக்கு ஏறும் படிகளில் பாதியில் அண்ணன் நின்றார். பிறகு சுவரைப் பிடித்தார். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார். குளிரிலும் நெற்றியெல்லாம் வேர்வை. மொழி தெரியாத ஊர், பஸ் கீழே நிற்கிறது, ஆம்புலன்ஸுக்கு எந்த நம்பர் என்றுகூட அந்த நிமிடம் நினைவுக்கு வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், என் கண் அவர் முகத்துக்குப் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து எட்டிப்பார்த்த அந்த வெள்ளைத் தலைத்துணிக்குத்தான் போனது. அக்கா அவரை மார்போடு சாய்த்துக்கொண்டு, முந்தானையால் முகத்தையும் கழுத்தையும் நெஞ்சையும் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

நல்லவேளை, வெறும் மூச்சிரைப்புதான். தண்ணீர் குடித்ததும் எழுந்துவிட்டார். எனக்கு உயிர் வந்தது. அதைவிட ஆச்சரியம் அக்கா. காலையில் அப்படி நடுங்கியவர், அதற்குப் பிறகு பயம் என்றால் என்ன என்று கேட்கிறவர் மாதிரி ஆகிவிட்டார். கண்காட்சியில் கண்ணாடிக்குள் இருந்த அசல் சீட்டுகளைக் காட்டி, "மேல ஓட்டை கீதே, ஏம்மா?" என்று கேட்டார். "யாரோ ஆணி அடிச்சிருக்காங்க. ஏன்னு யாருக்கும் தெரியாது" என்றேன். "அப்டியா" என்று சிரித்தார். என் வரலாற்றுப் பாடம் அவர் பயத்தைத் தெளிவித்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

சாயங்காலம் சீட்டுக்கட்டில் ஒன்று குறைந்தது. அண்ணன் தன் பையிலிருந்து சூரியனை எடுத்துத் தந்தார், எடுத்தவருக்கே குழப்பம். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "என்னுது எங்கியோ வியுந்துட்ச்சும்மா" என்றார். தன் சூரியனை அவர் பையில் வைத்துவிட்டு எலும்புக்கூட்டை எங்கேயோ வீசிவிட்டார் போல, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் அக்கா இறந்துபோனார். சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவர், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. காரியம் முடிந்தபின் அண்ணன் என்னைச் சேக்காட்டு வீட்டுக்கு வரச்சொன்னார். பீரோவிலிருந்து அந்தப் பழுப்பு ஸ்வெட்டரை எடுத்து என் முன்னால் விரித்தார். நம் ஊர் வெயிலில் அதை யார் தொடப்போகிறார்கள், இத்தாலியிலிருந்து வந்த நாள்முதல் அந்துருண்டையோடு அப்படியே கிடந்திருக்கிறது. உள்பக்கம், இடது நெஞ்சுக்கு நேராக, ஊக்கு குத்தி இந்தச் சீட்டு. தாலிச் சரட்டில் அக்கா எப்போதும் கோத்து வைத்திருக்கும் ஊக்குகளில் ஒன்று அது.

அண்ணன் அழவில்லை. பயந்துபோயிருந்தார். இருட்டைப் பார்த்த குழந்தையின் கண் அவருக்கு.

"எனுக்கு வந்தத அவ எடுத்துகினா டீச்சர். நீங்க சொன்னீங்களே, வெறும் சீட்டாட்டம்னு? இன்னொரு தபா சொல்லுங்க."

சொன்னேன். பிரபுக்கள், விளையாட்டு, முன்னூறு வருடம், பிற்காலத்துக் கதை, எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"நெசமாத்தானே?"

"நிஜமாத்தான் அண்ணே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "இத ஊட்ல வச்சுக்க பயமா கீது, நீங்களே எடுத்துகினு போயிடுங்க" என்று சீட்டை என் கையில் திணித்தார்.

நாளைக்கு மறுநாள் அடுத்த குழு கிளம்புகிறது. இத்தனை வருடம் கழித்து இந்தத் தடவைதான் என் வீட்டுக்காரரும் வருகிறார். "உன் சீட்டு விளையாட்டை நானும் பார்க்கணும்" என்று நச்சரித்துக் கிளம்பிவிட்டார். இன்று மத்தியானம் அவர் தூங்கும்போது புதுக் கட்டைப் பிரித்து எலும்புக்கூட்டை மட்டும் வெளியே எடுத்து, அக்காவுடைய சீட்டின் பக்கத்தில் வைத்தேன். நான்தான், மைக்கைப் பிடித்துக்கொண்டு முழங்குகிறவள்தான். ஒன்றில் ஓட்டை இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. உள்ளறையில் அவர் இருமுகிறார். என் விரல்கள் கழுத்துச் சரட்டில் ஊக்கைத் தேடிக்கொண்டிருக்கின்றன.