இரண்டு பச்சை அட்டைகள்

அச்சிட்ட தாளை எடுத்துக்கொண்டு அச்சுக்கடைக்கார மஸீனா தெருவுக்கு ஓடினார். கடைக்குள் எரியும் டியூப் லைட்டை அவர் நம்புவதில்லை. மாத்தளைக் கடைத்தெருவின் வாகனப் புகைக்கு நடுவில் நின்று, தாளை வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "சேர், நீங்க கேட்டது வெத்திலைப் பச்சை. இது கங்குன் கீரைப் பச்சை. இன்னொருக்கா அடிப்பம்."

என் சஞ்சிகையின் முகப்புக்காக மாதம் ஒருமுறை அவரிடம் போகிறேன். ஒவ்வொரு முறையும் அரை நாள் போய்விடும். சிவப்புச் சட்டையோடு வருகிறவரைக் கணினிக்குப் பக்கத்தில் விடமாட்டார். "சட்டைட நெறம் ஸ்கிரீன்ல அடிக்குது, அங்கால போங்க." இயந்திரம் முரண்டு பிடித்தால் வாய்க்கு வந்தபடி திட்டுவார், பிறகு அதன் முதுகைத் தட்டிக் கொடுப்பார். நிறம் பிசகிய தாள் ஒன்றுகூடத் தன் கடையை விட்டு வெளியே போனதில்லை என்று அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. நானும் அதை நம்பித்தான் இருந்தேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை காத்தாயி வந்தார். மிளகும் கறுவாப்பட்டையும் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவரும் மகன் அழகமுத்துவும் வேலை செய்கிறார்கள். அங்குள்ள இருநூறு பேருக்கும் போன வாரம் வேலை அட்டை அடித்துக் கொடுத்தது மஸீனாதான். ஒரே அட்டை, பெயரும் படமும் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

"தங்கச்சி, சோதனச் சாவடியில பஸ்ஸ நிப்பாட்டி எல்லார் அட்டையையும் ஒண்ணா வச்சிப் பாத்தாங்க. எங்களோடது வேற பச்சையாம். கள்ள அட்டைன்னு, வாலிபப் பையன்னு எம் மகன மட்டும் எறக்கி பொலிசுக்குக் கொண்டு போயிட்டாங்க." தன் அட்டையையும், கூட வேலை செய்யும் சோமாவதி கொடுத்தனுப்பிய அட்டையையும் மேசையில் வைத்தார்.

மஸீனா இரண்டையும் வெயிலில் பிடித்தார். சோமாவதியுடையது வெற்றிலை, காத்தாயியுடையது கங்குன். "மை மாத்தின நேரம் பிசகியிருக்கும்" என்றவர், அந்த இரண்டு அட்டைகளையும் ஒரே மையில், ஒரே தாளில் மீண்டும் அடித்தார். அப்போதும் இரண்டு பச்சை.

பிறகுதான் கோப்புகளைத் திறந்தார். சிங்களப் பெயர்கள் எல்லாம் பிடிஎஃப் கோப்பாகப் போயிருந்தன. அதில் தமிழ் எழுத்து சிதைந்து வெறும் கட்டம் கட்டமாக விழுந்ததால், தோட்டத்துத் தமிழ் ஆட்களும் முஸ்லிம்களுமாக அறுபத்து மூன்று பேரின் அட்டைகளை மட்டும் அவர் முழுப் படமாக்கி, ஜேபெக் கோப்பாக அனுப்பியிருந்தார். திரையில் ஒன்றாகத் தெரிந்த பச்சையை இயந்திரம் ஒவ்வொரு கோப்பு வகைக்கும் ஒவ்வொரு விதமாகக் கலந்துவிட்டது.

"வேற வேற நாள் அடிச்சேன். பக்கத்தில வச்சிப் பாக்கல்ல." மஸீனா கதிரையில் விழுந்தார். "அல்லாஹ்வே, நான் ஆள் பிரிச்சிக் குடுத்தீக்கிறேனே!"

இப்படிப் பிரிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, யாருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை. ஆனாலும் தமிழில் பெயர் அடித்தவர்களைத் தூரத்திலேயே பொறுக்கியெடுக்க ஒரு நிறம் தயாராகிவிட்டது. அதை அவர்களே கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள்!

அவர்கள் இருவரோடும் பொலிஸ் நிலையத்துக்கு நானும் போனேன். அட்டைகளை மேசையில் பரப்பி, பிடிஎஃப், ஜேபெக் என்று மஸீனா சிங்களத்தில் மூச்சு விடாமல் விளக்கினார். அதிகாரி கொட்டாவி விட்டார். கள்ள அட்டை அடித்தவள் நீயாகவும் இருக்கலாம், உன் பேச்சுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். சுவரோரப் பலகை வாங்கில் அழகமுத்து தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். காத்தாயி கதவோரம் நின்று மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மஸீனா கைப்பையைத் திறந்து தன் தேசிய அடையாள அட்டையை எடுத்தார். அது இல்லாமல் இந்த நாட்களில் அடுத்த தெருவுக்குக்கூடப் போக முடியாது. பிழை என்னுடையது, பொறுப்பும் நான்தான், அந்தப் பிள்ளையை விடுங்கள் என்று சொல்லி, அட்டையை அதிகாரியின் பக்கம் தள்ளினார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடந்துபோய், அழகமுத்துவின் பக்கத்தில் அந்த வாங்கில் உட்கார்ந்தார்.