பூனைகளோடு மட்டும் பேசியவள்

கல்யாணமாகி மூன்று மாதம் கழிந்தும் என் மனைவி என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. கேட்டதற்குப் பதில் வரும். சோறு இருக்கிறதா என்றால் உண்டு. உடம்புக்கு ஏதாவதா என்றால் ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான். அவள் அம்பூரி மலைச்சரிவில் மரச்சீனிக் கிழங்கும் நல்லமிளகும் பயிரிடுகிற வீட்டில் பிறந்தவள். அங்கே வீட்டுப் பேச்சு மலையாளம். கிறிஸ்தவ சபையில் பாட்டும் பிரசங்கமும் தமிழ். எங்கள் பாறசாலைப் பக்கத்திலும் இரண்டும் கலந்துதான் ஓடும். ஆகவே பாஷை புரியாமல் வாய்மூடி இருந்தாள் என்று சொல்ல வழியில்லை. என்னோடு பேச அவளுக்கு ஒன்றும் இல்லை என்றே நான் நினைத்துக்கொண்டேன்.

நான் அப்போது நெய்யாற்றங்கரைக்கும் பனச்சமூட்டுக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். விடியும் முன் முதல் வண்டி. கடைசி வண்டியை ஷெட்டில் விட்டு வீடு சேரும்போது ஊர் அடங்கியிருக்கும். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அப்பாவும் அம்மாவும் அண்ணனோடு வேறு ஊரில் இருந்தார்கள்.

எங்கள் பக்கத்துத் தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் சூடுபிடித்த காலம் அது. ஒரு நாள் பனச்சமூட்டுச் சந்திப்பில் கூட்டம் ரோட்டை மறித்தது. வண்டி அதற்கு மேல் போகாது என்று தெரிந்ததும் ஆட்கள் மூட்டைமுடிச்சோடு இறங்கி நடந்தார்கள். நான் சீட்டுகளுக்கு அடியில் பார்த்துக்கொண்டே வந்தபோது பின்சீட்டின் கீழே ஒரு சின்ன ஓலைக்கடவப் பெட்டி இருந்தது. உள்ளே பழந்துணி. துணிக்குள் இரண்டு பூனைக்குட்டிகள். ஒன்று செவலை, ஒன்று கறுப்பு. கண் திறந்து ஓரிரு நாள்தான் ஆகியிருக்கும். சந்திப்பு முழுக்கக் கேட்டுப் பார்த்தேன், யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை.

டிரைவர் என்னைவிட மூத்தவர். “எலே, அந்தக் கடைத் திண்டுல வச்சுட்டு வா. பிழைக்கதுன்னா பிழைக்கும்” என்றார்.

நான் வைக்கவில்லை. இரக்கம் என்று பெருமையடித்துக்கொள்ள முடியாது. இந்தக் குட்டிகளைக் கண்டால் என் மனைவி சிரிப்பாளோ என்று ஓர் ஆசை. வளையல் வாங்கிக் கொடுத்துப் பார்த்தாயிற்று, அல்வா வாங்கிக் கொடுத்துப் பார்த்தாயிற்று. இதையும் பார்ப்போமே என்று கடவத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஊர் வரைக்கும் நடந்தேன்.

அவள் சிரித்தாள். கடவத்தைப் பார்த்துச் சிரித்தாள். அதைக் கொண்டுவந்தவன் வாசலில் நிற்பது அவளுக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மறுநாளிலிருந்து பஸ் ஓடவில்லை. ரோட்டில் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். முக்குக்கு முக்கு போலீஸ் நின்றது. முதலாளி சொல்லி அனுப்பும்வரை வரவேண்டாம் என்றார்கள். அப்படித்தான் நான் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பகல் வெளிச்சத்தில் என் வீட்டில் இருந்தேன். இருந்து கண்டது, என் மனைவி பேசுவாள் என்பதை.

காலையில் அடுப்பு மூட்டும்போது தொடங்குவாள். அடுத்த வீட்டு ஆட்டுக்காரியிடம் வாங்கிய பாலில் தண்ணீர் கலந்து இளஞ்சூடு பண்ணி, பழைய வேட்டியில் கிழித்த துணியைத் திரியாக உருட்டி அதில் நனைத்துக் குட்டிகளின் வாயில் வைப்பாள். அவை சப்பச் சப்ப இவள் பேசிக்கொண்டே இருப்பாள். அம்பூரியில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றைப் பற்றி. மரச்சீனி விளையில் இறங்கிய காட்டுப்பன்றியைத் தகரம் தட்டி விரட்டியது பற்றி. தான் பள்ளிக்கூடத்தை நிறுத்திய நாளில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுதது பற்றி. கதவுக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். தண்ணீர் வேண்டுமா என்று கண்ணால் கேட்பாள்.

அவற்றுக்கு அவள் பெயர் வைக்கவில்லை. இரண்டையும், பெற்ற பிள்ளையைக் கொஞ்சுகிற மாதிரி, ‘மக்கா’ என்றே அழைத்தாள். “மக்கா, இஞ்ச வா. பாலு குடிச்சியா மக்கா?” என்னை அவள் எதுவும் சொல்லி அழைத்ததே இல்லை. தேவைப்பட்டால் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள். நான் திரும்பிப் பார்க்க வேண்டும். உள்ளங்கையளவு உயிர்கள் இரண்டுக்குக் கிடைத்த மக்கா எனக்குக் கிடைக்கவில்லையே என்று என் வயிறு எரிந்தது. ஆறடி உயரமுள்ள ஆண் இதை யாரிடம் போய்ச் சொல்வான்? டீக்கடையில் எல்லாரும் தாலுகா எந்தப் பக்கம் சேரும் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனசு முழுக்க அந்தச் செவலைக் குட்டி இந்நேரம் அவள் மடியில் கிடந்து என்ன கேட்டுக்கொண்டிருக்கும் என்ற நினைப்புத்தான்.

எனக்குக் காப்பி தாமதமாக வரத் தொடங்கியது. என் கைத்தறித் துண்டு குட்டிகளுக்குப் படுக்கையாயிற்று. அவற்றுக்குக் குளிருமே என்று அவள் தன் பாயை அடுப்பங்கரைக்கு மாற்றிக்கொண்டாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், இரண்டு எதற்கு, ஒன்றை ஆட்டுக்காரிக்குக் கொடுத்துவிடலாமே என்றேன். அன்று மத்தியானம் அவள் எனக்குச் சோறு வைத்துவிட்டுத் தான் சாப்பிடாமல் குட்டிகளோடு கொல்லைப்புறம் போய்விட்டாள். அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை. சாயங்காலம் நானே கொல்லைக்குப் போய், சும்மா சொன்னேன், இரண்டும் இங்கேயே இருக்கட்டும் என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, “கேட்டியா மக்கா, நம்மள விரட்ட மாட்டாராம்” என்று கறுப்புக் குட்டியிடம் சொன்னாள். எனக்குரிய பதிலும் குட்டிக்கே போயிற்று.

குட்டிகள் ஓடியாடத் தொடங்கியபோது பால் போதவில்லை. காஞ்சிரங்குளத்துப் பக்கத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரி, ரோட்டில் நடக்கிற கலவரத்துக்குப் பயந்து வராமல் நின்றுவிட்டாள். மீன் வாசனையே இல்லாமல் ஊர் கிடந்தது. அப்போதுதான் என் மனைவி முதல்முறையாக என்னிடம் ஒன்றைக் கேட்டாள். “கொஞ்சம் சாளை கிட்டுமா?” என்றாள், தரையைப் பார்த்தபடி.

அவளுக்காகக் கேட்கவில்லை என்று தெரியும். தெரிந்தும் போனேன். மெயின் ரோட்டில் போலீஸ் மறிப்பார்கள் என்று விளைகள் வழியாகவும் வயல் வரப்பு வழியாகவும் கடற்கரைப் பக்கம் நடந்தேன். ஓர் இடத்தில் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, எங்கே போகிறாய், எந்தக் கட்சி என்று மலையாளத்தில் கேட்டார். பூனைக்கு மீன் வாங்கப் போகிறேன் என்று மலையாளத்திலேயே சொன்னேன். கேலி பண்ணுகிறேன் என்று நினைத்து லத்தியால் முழங்காலுக்குக் கீழே ஒன்று வைத்தார். நொண்டிக்கொண்டே போய் வாழையிலையில் பொதிந்த சாளையோடு திரும்பினேன். அவள் பொதியை வாங்கினாள். “மக்கா, மீன் வந்தாச்சு” என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே ஓடினாள். என் கால் வீங்கியிருந்ததை அவள் பார்க்கவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்து, மீன் மண்டையைக் கடித்து உறுமும் அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு பொறாமை என் வாழ்நாளில் யார் மேலும் எனக்கு வந்ததில்லை. கூடப் படித்தவன் சர்க்கார் வேலைக்குப் போனபோதுகூட வரவில்லை.

அதற்குப் பிறகு சில நாளில் செவலைக் குட்டிக்குச் சுகமில்லாமல் போயிற்று. முதலில் பால் குடிக்கவில்லை. பிறகு கழிச்சல். வசம்பு சுட்டு உரைத்து நாக்கில் தடவிப் பார்த்தாள். ஆட்டுக்காரி வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்து, குடலில் என்னமோ இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். மிருக வைத்தியர் நெய்யாற்றங்கரையில்தான் உண்டு. கடவத்தில் வைத்து எடுத்துக்கொண்டு போகிறேன் என்று நானே சொன்னேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவள் குட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினாள். அவள் மலைவீட்டில் ஆடுமாடுகளோடு வளர்ந்தவள், அவளுக்குத் தெரிந்திருந்தது. மத்தியானம் அவள் மடியிலேயே அது செத்தது.

பலாமரத்தடியில் நான் குழி தோண்டினேன். அவள் என் துண்டிலேயே அதைச் சுற்றி எடுத்து வந்தாள். மண் மூடிய பிறகும் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நானும் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இஞ்ச வந்த பெறகு எனக்குப் பேச ஒரு ஆளும் இல்லாம இருந்துது” என்றாள். மரத்தைப் பார்த்துச் சொன்னாலும் அது எனக்குத்தான் என்று புரிந்தது.

“நான் இருந்தேனே” என்றேன்.

“நீங்க பஸ்ஸுல இருந்தியளே.”

அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். இருட்டில் எழுந்து இருட்டில் திரும்பும் ஒருவனை அவள் சரியாகப் பார்த்ததுகூட இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்டால்தான் பதில் சொல்கிறாள் என்று குறைப்பட்டேனே, நான் கேட்டதெல்லாம் சோறும் தண்ணீரும் பற்றித்தானே. அன்று அந்த மரத்தடியில் அம்பூரி ஆற்றைப் பற்றி அவளிடம் கேட்டேன். ஏற்கெனவே கதவுக்குப் பின்னால் கேட்ட கதைதான். ஆனாலும் என்னைப் பார்த்து அவள் சொன்னபோது புதிதாக இருந்தது. காட்டுப்பன்றி இந்த முறை இன்னும் பெரிதாக இருந்தது.

அதோடு பொறாமை தீர்ந்தது என்று நினைத்தால் அதுதான் இல்லை. அது ஆள் மாறிக்கொண்டது.

தனியாகிப் போன கறுப்புக் குட்டி, என்ன காரணமோ, என்னைப் பிடித்துக்கொண்டது. நான் பெஞ்சில் உட்கார்ந்தால் மடியில் ஏறும். குளிக்கப் போனால் கிணற்றங்கரையில் காத்திருக்கும். நான் அதற்கு ஒரு வாய் பால் கொடுத்தவனில்லை, ஒரு தரம்கூட மக்கா என்றவனில்லை. என் மனைவி கூப்பிடுவாள். அது காதை மட்டும் திருப்பிவிட்டு என் முழங்காலில் தாடையை வைத்துக்கொள்ளும். முதலில் அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பது நின்றது. சாளை மண்டையைக் காட்டிக் கூப்பிட்டாள். அது போய்த் தின்றுவிட்டு, மீசையை நக்கிக்கொண்டே என் மடிக்குத் திரும்பியது.

“திரி உருட்டி வளத்தது நானாக்கும்” என்று ஒரு நாள் அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். “இப்போ பாருங்க, ஒங்க மடி வேணுமாம் அதுக்கு.”

எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. என்மேல் ஒருத்தி பொறாமைப்படுகிறாள். நான் வேண்டுமென்றே குட்டியின் கழுத்தைச் சொறிந்துகொடுத்தேன். அவள் அன்று எனக்குக் காப்பியைத் தாமதமாகத்தான் கொடுத்தாள். இந்த முறை காரணம் வேறு. அதை நான் விருந்துபோல் குடித்தேன்.

கொஞ்ச காலத்தில் பஸ் ஓடத் தொடங்கியது. நான் முதலாளியிடம் கெஞ்சிக் கடைசி வண்டியிலிருந்து விலகி, சாயங்காலமே வீடு திரும்பும் முறைக்கு மாறிக்கொண்டேன். சம்பளம் குறைந்தது. ஆனால் நான் வரும் நேரத்தில் அவள் வாசலில் நிற்பாள். பூனையும் நிற்கும். இருவரில் யார் முதலில் என்னைக் கண்டது என்று அவளுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு வழக்கு உண்டு.

இரண்டு வருஷம் கழித்து எல்லை பிரித்தார்கள். தெற்கே இருந்த தாலுகாக்கள் தமிழகத்துக்குப் போயின, நாங்கள் கேரளத்தில் நின்றுவிட்டோம். டீக்கடையில் சிலர் பல நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த வாரம் எங்கள் வீட்டில் பெரிய விஷயம் வேறாக இருந்தது. கறுப்புப் பூனையைக் காணவில்லை. வயிற்றில் குட்டியோடு இருந்தது அது. என் மனைவி அடுப்பங்கரையில் பழைய சேலை விரித்து இடம் தயார் பண்ணியிருந்தாள். நான் கட்டிலுக்கடியில் சாக்கு விரித்திருந்தேன். எங்கே ஈனும் என்று எங்களுக்குள் சின்னப் போட்டி. இரண்டிடமும் காலியாகக் கிடந்தன.

தேடித் தேடி அலுத்தபோது ஆட்டுக்காரி வேலிக்கப்புறமிருந்து கூப்பிட்டாள். பூனை வளர்ந்து பால் பாத்திரத்தில் வாய்வைக்கத் தொடங்கியதிலிருந்து அவளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. எங்கள் பூனையை அவள் கல்லெறிந்து விரட்டாத நாளில்லை. அவளுடைய ஆட்டுத் தொழுவத்தில், காய்ந்த பலாச்சருகு குவியலில், கறுப்புப் பூனை மூன்று குட்டிகளோடு படுத்திருந்தது. நாங்கள் இருவரும் வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தோம். என் மனைவி கூப்பிட்டாள். நான் கூப்பிட்டேன். அது கண்ணைச் சிமிட்டிவிட்டு, ஆட்டுக்காரி நீட்டிய கிண்ணத்தில் பாலை நக்கத் தொடங்கியது. அந்தப் பெண் நாலு வீட்டுக்குக் கேட்கிறமாதிரி, “குடி மக்கா, குடி” என்று கொஞ்சினாள்.

“இவளுக்கு எந்தா இத்தனை பவுசு” என்றாள் என் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் முகத்தைப் பார்த்தேன். என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். வீட்டுக்குள் வந்து வெகுநேரம் ஆட்டுக்காரியைப் பற்றி இருவரும் சேர்ந்து புறணி பேசினோம். பாலில் தண்ணீர் கலக்கிறாள் என்று என் மனைவி சொன்னாள். எப்போதும் கலந்துதான் தந்தாள் என்று நான் சொன்னேன்.