அம்மன் எனக்குத் தூக்கம் தந்தாள்

மும்பை தாராவியில் எங்களுக்கு ஒரே அறை உள்ள வீடு. பிள்ளைகள் இல்லை. என் கணவர் டிராம்பே பக்கம் வெல்டராக இருந்தவர். போன பங்குனியில் பக்கவாதம் வந்து அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது.

அன்றிலிருந்து எல்லாமே நான்தான். குளிப்பாட்ட நான், ஊட்ட நான், புரட்டிப் படுக்க வைக்க நான். பகலில் வீட்டிலேயே பை தைப்பேன். இரவில் அவர் முனகினால் எழுந்துவிடுவேன். முனகாவிட்டாலும் எழுவேன், மூச்சு இருக்கிறதா என்று பார்க்க. சாமி கும்பிடக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு அசதி.

ஆடியில் ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தேன். கண் சொருகிவிட்டது. பால் பொங்கி நெருப்பு அணைந்து, கேஸ் வீடெல்லாம் பரவியிருக்கிறது. பெரிய சத்தம் கேட்டு விழித்தேன். கட்டிலருகே இருந்த செம்பை அவர் இடது கையால் தள்ளிவிட்டிருந்தார். ஓடிப்போய் கேஸை மூடினேன், கதவைத் திறந்தேன். அவர் கண்ணில் நீர் வழிந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவர் தூங்கியதும் கதவைப் பூட்டிக்கொண்டு எங்கள் சந்து முனை மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். விளக்குப் பூஜைக்குப் பெண்கள் கூடியிருந்தார்கள். அம்மன் முன்னால் நின்றேன்.

"தாயே, அவர் நடக்கணும்னு கேட்கத் தெம்பில்ல. என்னைக் கொஞ்சம் தூங்க வை. நான் தூங்கினா அவரை யார் பார்ப்பா? அதையும் நீயே பாத்துக்கோ."

வேறொன்றும் கேட்கவில்லை. திரும்பினால், ஆடிக்கூழ் காய்ச்சும் இசக்கியம்மாள் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, ஏன் மூஞ்சி இப்படி வத்திப் போயிருக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தனியாக இருக்கிறார், உடனே போக வேண்டும் என்றேன்.

"சாவியக் குடு. நாங்க ரெண்டு பேரு போயிப் பாத்துக்கிடுதோம். நீ இங்கனயே இரு. டென்ஷன் எடுக்காத."

சாவியைக் கொடுத்தேன். தூணில் சாய்ந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது. விழித்தபோது பூஜை முடிந்து, கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ எனக்குச் சேலை போர்த்தியிருந்தார்கள். பதறி வீட்டுக்கு ஓடினேன். இசக்கியம்மாள் அக்கா அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். கூட வந்த பெண் அவர் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் வருவோம். நீ படு," என்றார் அக்கா.

வந்தார்கள். விளக்குப் பூஜைப் பெண்கள் முறை போட்டுக்கொண்டு இன்றுவரை வருகிறார்கள். அம்மன் நேரில் வருவாள் என்பார்கள். என் வீட்டுக்கு அவள் அழுக்குச் சேலையோடு, வேலை முடிந்த களைப்போடுதான் வந்தாள்.

என் கணவர் இன்னும் நடக்கவில்லை. தை மாதம் ஒரு மதியம் வாயைக் கோணி, மிகவும் பாடுபட்டு, என் பெயரைச் சொன்னார். "செண்...பகம்." அன்றுதான் நான் அழுதேன்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் நானும் பக்கத்து லேபர் கேம்ப் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குப் போகிறேன். அங்கே ஒரு பெண் தன் தாயைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். நான் போனதும் அவள் படுத்துவிடுவாள்.

களைத்துப் போயிருக்கும் சகோதரிகளே, பெரிய வரம்தான் கேட்க வேண்டும் என்றில்லை. முடியவில்லை என்று அம்மனிடம் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் பெண்ணிடமும் சொல்லுங்கள். தாய் பார்த்துக்கொள்வாள்.